அக்காவுக்கு ஒரு முன்சீட்

எடிசன், நியூஜெர்சி
12 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

அமலி எழுதுவது. நானும் அவரும் சுகம். நீயும் அத்தானும் சுகம்தானே? உன் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை தைலத்தை அலமாரியில் வைத்துவிட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாயா?

நல்ல செய்தி. எனக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. உங்கள் தெரு மருந்துக்கடை போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே வரிசையில் நிற்கிற நாலு பேரும் கேட்டுவிட்டு நாகல் நகர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் கடிதம்.

அக்டோபர் நடுவில் பிறக்கும் என்கிறார்கள். இந்தத் தடவை நீ வந்தே ஆக வேண்டும் அக்கா. செப்டம்பரில் வந்து மூன்று மாதம் இரு. டிக்கெட்டை நாங்கள் எடுக்கிறோம். உன் மாப்பிள்ளைக்கு இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. திங்கட்கிழமை டல்லாஸுக்கு விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் வீடு. வாரம் முழுக்க நான் தனியாக இருக்கிறேன்.

உடனே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. அத்தானுக்கு என் அன்பு.

உன்
அமலி


நாகல் நகர், திண்டுக்கல்
3 மே 1999

என் தங்கம் அமலிக்கு,

மாதா காவலில் நாங்கள் நலம். உன் கடிதத்தை வாசித்ததும் தையல் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். உன் அத்தான் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். யாருக்கும் காரணம் சொல்லவில்லை என்கிறார். நம்புகிறேன்.

வருகிற விஷயம்தான் யோசனையாக இருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. யூனிஃபார்ம் துணி கடைக்குள் மலை மாதிரி குவிந்திருக்கிறது. உன் அத்தானுக்கு ஒரு வெஞ்சனம் வைக்கத் தெரியாது. மூன்று மாதம் ஓட்டலில் சாப்பிட்டால் வயிறு என்னத்துக்கு ஆகும்? உன் மாமியாரைக் கூப்பிடேன். பெரிய மனுஷி, நாலு பிரசவம் பார்த்தவர். அவர் வந்தால் உனக்கும் தெம்பு.

நீ பப்பாளி, அன்னாசிப் பக்கம் போகாதே. குனிந்து எதையும் தூக்காதே. பிள்ளைக்குச் சட்டை நான் தைத்து அனுப்புகிறேன்.

ஆசையுடன்,
அக்கா செபாஸ்தியம்மாள்


எடிசன்
30 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அங்கே வெயில் எப்படி?

மாமியாருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எங்கேயும் போக முடியாது. யூனிஃபார்ம் வேலை ஜூலையோடு முடிந்துவிடும். நீ வரப்போவது செப்டம்பரில். அத்தானுக்குச் சோறு போட சிவனம்மாள் இருக்கிறாள். உன் கடையில் எட்டு வருடமாகக் காஜா எடுக்கிறவள், மூன்று மாதம் ஒரு குழம்பு வைத்துத் தரமாட்டாளா? அவளுக்கு நானே தனியாக எழுதுகிறேன்.

விசாவுக்கான தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது நீ. என்னை மாமியார் பார்க்கட்டும் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

கோபமாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அமலி


திண்டுக்கல்
28 ஜூன் 1999

என் தங்கத்துக்கு,

நலம். உன் நலத்துக்கு தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் என்னைப் பார்த்தால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறேன் என்று உன் அத்தான் சிரிக்கிறார். ஆனால் அமலி, செப்டம்பர் என்றால் தீபாவளி ஜாக்கெட் ஆரம்பிக்கிற நேரம். வாடிக்கையை விட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே குளிர் வேறு. எனக்குத் திண்டுக்கல் பனியே ஆகாது. இங்கிலீஷும் தெரியாது. உனக்கு உதவியாக வந்து உபத்திரவமாக ஆகிவிடுவேன்.

அந்த ஊரில் காசு கொடுத்தால் நர்ஸ் வீட்டுக்கே வருவாளாமே? ஆத்தூர் ஆரோக்கியத்தின் மகளுக்கு அப்படித்தான் பார்த்தார்களாம்.

சும்மா ஒன்று கேட்கிறேன். அவ்வளவு தூரம் போகிற விமானத்தில் சீட் எப்படி இருக்கும்? மதுரையிலிருந்து மெட்ராஸ் போகிறதே, அது மாதிரிதானா, இல்லை பெரிசா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


திண்டுக்கல்
29 ஜூலை 1999

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

அத்தான் இஞ்ஞாசி எழுதுவது. நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகப் போகிறது. போனிலும் நீ 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் பேசவில்லையாம். தபால்காரர் பொம்மையன் தெருவில் வந்தாலே உன் அக்கா மிஷினை நிறுத்திவிடுகிறாள். அவர் போன பிறகு மறுபடி மிதிப்பதில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது, "போயிட்டுத்தான் வாயேன், நான் என்ன பச்சைப்பிள்ளையா?" என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதா, ஏன் என்னப் போட்டுக் கொல்றீங்க" என்று அழுதாள். எனக்குத் தெரியும். ஆனால் அதை அவள்தான் சொல்ல வேண்டும். உன் மேல் ஆசை இல்லாததால் அவள் வராமல் இருக்கவில்லை. அதை மட்டும் நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கோபம் இருந்தாலும் அவளுக்கு ஒரு வரி போடு.

இப்படிக்கு,
இஞ்ஞாசி


எடிசன்
8 ஆகஸ்ட் 1999

அக்கா,

உனக்கும் அத்தானுக்கும் சுகத்தைக் கொடுக்கும்படி ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது.

போன வருடம் பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன். காய்ச்சல் இல்லை. அப்போது எனக்கு ஆறாம் மாதம். ஏழாம் மாதம் தொடங்கியதும் உனக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். புதன்கிழமை, அவர் டல்லாஸில் இருந்தார். குளியலறையில் தரையில் உட்கார்ந்தபடியே போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்தேன். பையன். உயிரில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். நான் உன் பெயரைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு போன் நம்பர் கேட்டாள். மருந்துக்கடை நம்பர் என்று எப்படிச் சொல்வேன்? வேண்டாம் என்றேன்.

இது உன்னை வரவழைப்பதற்காக எழுதியதல்ல. இனி வா என்று கேட்க மாட்டேன். நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று நீ தப்பாக நினைக்கக் கூடாது, அதற்காகத்தான்.

அமலி


திண்டுக்கல்
20 ஆகஸ்ட் 1999

நான் பெற்ற பிள்ளைக்குச் சமமான அமலிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாள் இதை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். நான் ஜாக்கெட், யூனிஃபார்ம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் அமெரிக்கா புறப்பட்டபோது, வழியனுப்ப வருகிற எங்களுக்கு மதுரையிலிருந்து மெட்ராஸுக்கு விமானத்தில் டிக்கெட் எடுத்தாய். அக்கா ஒரு தடவையாவது பறக்கட்டும் என்று ஆசைப்பட்டாய். அந்தச் சீட்டில் என் உடம்பு உள்ளே போகவில்லை. கைப்பிடி இரண்டும் இடுப்பில் குத்த, சரிந்து ஒரு மாதிரி உட்கார்ந்தேன். பெல்ட் எட்டவில்லை. உன் அத்தான் இழுத்துப் பார்த்தார். பணிப்பெண் வந்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அங்கிருந்தபடியே முன்னால் நின்றவளைக் கூப்பிட்டு, இந்த அம்மாவுக்கு பெல்ட் பத்தவில்லை என்று சத்தமாகச் சொன்னாள். ஆறு வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் கேட்டுப் போனார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தேன். மெட்ராஸில் எங்களுக்காகக் காத்திருந்த உன்னிடம், "மேகம் எம்புட்டு அழகு தெரியுமா" என்று சொன்னேன். மேகத்தை நான் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் போக ஆசை என்றேனே, அதுவும் இதனால்தான்.

ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அளவு எடுக்கிறவள் நான். என் அளவை இதுவரை யாரும் எடுத்ததில்லை. பழைய ஜாக்கெட்டை வைத்து வெட்டிக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்துக்கே அப்படி என்றால், ஒரு நாள் முழுக்க எப்படி என்று பயந்தேன். தங்கச்சியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது வெட்கம் கிடக்கட்டும். டிக்கெட் எடு. எந்தச் சீட்டாக இருந்தாலும் சரி, நின்றுகொண்டாவது வருகிறேன்.

அக்கா


எடிசன்
15 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தான் நலமா?

உன் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை வாசித்தார். பிறகு, "அண்ணிக்கு முன்சீட் போட்டுருவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. விமானத்தில் முன்னால் இருக்கிற முதல் வகுப்புக்குக் காசு கட்டினால், அந்தக் காசுக்குத் திண்டுக்கல்லில் வீடே வாங்கலாம். "காசுக்கு யாரு வாங்குறா?" என்றார்.

விஷயம் இதுதான். இங்கே ஒரே கம்பெனி விமானத்தில் அடிக்கடி போனால், போகிற ஒவ்வொரு மைலையும் நம் பேரில் சேர்த்து வைப்பார்கள். சேர்ந்த மைலைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். அவர் இரண்டு வருடமாக டல்லாஸுக்குப் போய் வந்ததில் நிறைய சேர்ந்திருந்தது. முதல் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. வீட்டு டெலிபோனை வேறு கம்பெனிக்கு மாற்றினால் மைல் தருவதாக விளம்பரம் வந்தது, மாற்றினோம். வெள்ளிக்கிழமை நேராக வீட்டுக்கு வராமல் சிகாகோ போய் மாறி வந்தார். அதில் மைல் கூட. இரண்டு வாரமும் நடு இரவில் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கினார்.

மைல் சேர்ந்த பிறகு சீட் இல்லை என்றார்கள். முன்னால் இருப்பதே கொஞ்சம் சீட். மைல்காரர்களுக்கு ஒன்றோ இரண்டோதான் ஒதுக்குவார்களாம். தினமும் போன் செய்தேன். செப்டம்பர் முழுக்க இல்லை. ஒரு நாள் போனில் பேசிய பெண், ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் போனை வைக்காமல் ஒவ்வொரு தேதியாகத் தேடினாள். அக்டோபர் 11 விடியற்காலை, மெட்ராஸிலிருந்து லண்டன், லண்டனில் மாறி இங்கே. கிடைத்துவிட்டது அக்கா! நாங்கள் கட்டியது வரி மட்டும்தான்.

12ஆம் தேதி காலை எனக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். போன தடவை அப்படி ஆனதால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ 11 சாயங்காலம் வந்துவிடுவாய். அந்த சீட் நம் வீட்டு ஈஸிச்சேர் மாதிரி அகலமாம். படுக்கலாமாம். யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உன்
அமலி


திண்டுக்கல்
27 செப்டம்பர் 1999

என் தங்கத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். விசா கிடைத்துவிட்டது. மெட்ராஸில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் தமிழ் தெரிந்த பெண்ணை வைத்து, எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "எந்தங்கச்சிக்குப் புள்ள பெறக்கப் போகுது, நான் இல்லாம எப்புடி?" என்றேன். அவ்வளவுதான். முத்திரை குத்திவிட்டார்.

மாப்பிள்ளை ராத்திரி ராத்திரியாக அலைந்ததை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. அவரிடம் நான் எப்படி நன்றி சொல்வேன்? சிக்கனமாக இருந்து காசு சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுற்றிச் சுற்றி வந்து சேர்ப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பயணத்துக்குப் புது ஜாக்கெட் தைக்கிறேன். நேற்றுக் கடையைச் சாத்தியதும் சிவனம்மாளிடம் டேப்பைக் கொடுத்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம், "அக்கா, கையத் தூக்குங்க" என்றாள். அளவைச் சாக்பீஸால் மேஜை மேல் எழுதினாள். நானும் பார்த்தேன்.

நான் வந்து சேர்கிறவரை தைரியமாக இரு.

அக்கா


எடிசன், நியூஜெர்சி
20 அக்டோபர் 1999

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சிவனம்மாளின் குழம்பில் காரம் அதிகம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள்.

அமலியும் பிள்ளையும் சுகம். பெண் பிள்ளை. போனில் இதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை எழுதுகிறேன்.

மெட்ராஸில் விமானம் ஏறியதும் என்னை முன்னால் கூட்டிப்போனார்கள். அந்த சீட்டில் என்னை மாதிரி இன்னொருத்தியும் உட்காரலாம். பெல்ட்டை எடுத்துப் போட்டேன். டக்கென்று மாட்டியது. மறுபடி கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தேன். பணிப்பெண் குனிந்து நின்று, "அம்மா, காபி?" என்று கேட்டாள். வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் கால் தானாக மேலே வருகிறது. விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே மேகம். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

லண்டனில்தான் சோதனை. அமெரிக்கா போகிற விமானம் பழுதாகி, பதிலுக்குச் சின்ன விமானம் வருகிறதாம். கவுண்டரில் அவர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து, அங்கே வேலை செய்கிற ஒரு இலங்கைப் பெண்ணைக் கூட்டி வந்தார்கள்.

"அம்மா, இந்த விமானத்தில முன்சீட் எல்லாம் நிறைஞ்சு போச்சுது. இண்டைக்கு எண்டால் பின்னாலதான் இடம். நாளைக்கு எண்டால் முன்சீட் கட்டாயம் தருவினம். இரவுக்கு ஹோட்டலும் தருவினம். நிண்டு போங்கோவன்."

"நாளைக்குன்னா எத்தன மணிக்குப் போயிச் சேரும்?"

"பின்னேரம்."

அமலிக்கு ஆபரேஷன் காலையில். நான் சாயங்காலம் போய் என்ன செய்ய? மாப்பிள்ளை சேர்த்த மைல் முழுக்க என் கண் முன்னால் வந்தது. அந்தக் குளியலறையும் வந்தது.

"பின்னாலயே போறேன்மா" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். கேலியாக இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெல்ட் எனக்குப் பத்தாது. ஒட்டு எதாச்சும் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரிடம் இதைக் கேட்கிறேன்.

"அதுக்கென்ன, வச்சிருப்பினம்" என்று என்னோடு விமானத்துக்குள் வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள். பணிப்பெண் ஒரு பட்டையைச் சுருட்டிக் கைக்குள் மறைத்தபடி கொண்டுவந்து கொடுத்தாள். ஜாக்கெட்டுக்கு நாம் ஒட்டுக் கொடுப்பது மாதிரி, பெல்ட்டுக்கும் ஒட்டு இருக்கிறது. மூன்று வருடமாக நான் பயந்தது இதற்குத்தான்.

நெருக்கடிதான், இல்லை என்று சொல்லவில்லை. இடுப்பு கன்றிப்போய் இன்னும் நீலமாக இருக்கிறது. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லியான வெள்ளைக்காரப் பெண். வேறு இடம் கேட்டுப் போய்விடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடுவிலிருந்த கைப்பிடியைத் தானே தூக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள். கடல் தாண்டுகிறவரை எழுந்திருக்கவில்லை. நானும் அசையவில்லை. நம் தோளில் தூங்குகிற பிள்ளையை எப்படி எழுப்புவது?

வீட்டுக்கு வந்தபோது அமலி சோபாவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய வயிற்றோடு எழுந்து ஓடி வந்தாள். "அக்கா, சீட் எப்புடி இருந்துச்சு? படுத்துக்கிட்டு வந்தியா?"

"கடைசி வரைக்கும் படுத்துக்கிட்டே வந்தேன்டி. அம்புட்டு சொகம்."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் மாப்பிள்ளை பெட்டியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர்களிடம் நான் வேறு என்ன சொல்வது? நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டோ ஸ்டாண்டிலும் கூடாது.

மறுநாள் ஆபரேஷன் அறைக்குள் போகும்வரை என் கையை விடவில்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் நான் வராந்தாவிலேயே முழங்காலில் விழுந்தேன். நர்ஸ் பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஜனவரியில் வருகிறேன். திரும்பி வர முன்சீட் இருக்கிறது, கவலை வேண்டாம்.

உங்கள்
செபாஸ்தி


எடிசன்
16 பிப்ரவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. பாப்பா கவிழ்ந்து படுக்கிறாள். நீ தைத்த சட்டை அதற்குள் பத்தவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன வாரம் அவர் பேரில் மைல் கொஞ்சம் திரும்ப வந்திருந்தது. ஏதோ தப்பாகச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து நான்தான் போன் செய்தேன். தப்பு இல்லையாம். அக்டோபர் 11ஆம் தேதி லண்டனில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாள் போகலாம் என்று சொல்லிப் பார்த்ததாகவும், அந்த அம்மா இன்றைக்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வந்த அன்று ராத்திரி உன் இடுப்பில் தைலம் தேய்க்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாயே, அதை நினைத்தேன். அவரிடம் சொன்னேன். குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ படுத்துக்கொண்டே வந்தாய் என்றால் படுத்துக்கொண்டேதான் வந்தாய்.

ஆனால் அந்த மைலை என்ன செய்வது என்று யோசித்தோம். முன்சீட்டுக்குப் பத்தாது. பின்சீட் ஒன்றுக்குச் சரியாக வருகிறது. பாப்பாவுக்குத் தனி சீட் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். ஈஸ்டருக்கு நானும் பாப்பாவும் வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அத்தானை ஆட்டோ எடுத்துக்கொண்டு மதுரைக்கே வரச் சொல்லாதே, ரயிலில் வந்து இறங்கிக்கொள்கிறேன்.

கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் எப்படி வருவாய் என்று கேட்டு நாலு பக்கம் எழுதாதே. எனக்குப் பயமில்லை. நீ வந்த வழிதானே.

உன்
அமலி